ஒன்றுக்கு நான்கு: ஸ்டைனிட்ஸின் கொள்கையும் 1886ஆம் ஆண்டின் சோதனையும்

1886ஆம் ஆண்டு ஜனவரியில், நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் இருந்த கார்டியர் அரங்கில் ஐந்து செஸ் ஆட்டங்கள் முடிந்தபோது, யோஹன்னஸ் ஜூகர்டோர்ட் நான்கில் வென்றிருந்தார்; வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ் ஒன்றில் மட்டும் வென்றிருந்தார். முதல் ஆட்டத்தை வென்ற ஸ்டைனிட்ஸ் அடுத்த நான்கையும் வரிசையாகப் பறிகொடுத்திருந்தார். முதலில் பத்து வெற்றிகளை எட்டுபவருக்கே பட்டம் என்றும், டிராக்கள் கணக்கில் சேரா என்றும் ஒப்பந்தம் கூறியது. இரு தரப்பும் தலா 2000 டாலர் பந்தயப் பணம் கட்டியிருந்தன. உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டி என்று ஒப்பந்தத்திலேயே எழுதி ஆடப்பட்ட முதல் போட்டி அதுதான். ஸ்டைனிட்ஸுக்கு அப்போது 49 வயது. ஜூகர்டோர்ட் அவரைவிட ஆறு வயது இளையவர்; மூன்றாண்டுகளுக்கு முன் லண்டனில் நடந்த பெரும் போட்டித் தொடரில் ஸ்டைனிட்ஸை மூன்று புள்ளிகள் பின்தள்ளி முதலிடம் பிடித்தவர்.

மார்ச் 29ஆம் தேதி போட்டி முடிந்தபோது ஸ்டைனிட்ஸ் பத்து ஆட்டங்களிலும் ஜூகர்டோர்ட் ஐந்திலும் வென்றிருந்தனர், ஐந்து டிராவாகியிருந்தன. அதாவது முதல் ஐந்து ஆட்டங்களுக்குப் பிறகு நடந்த பதினைந்தில் ஸ்டைனிட்ஸ் ஒன்பதை வென்று ஒன்றே ஒன்றைத் தோற்றார். இந்தத் திருப்பத்துக்கு ஜூகர்டோர்ட்டின் உடல்நலக் குறைவைக் காரணம் காட்டுவது வழக்கம். அது முழுப் பொய்யுமன்று. ஆனால் ஆட்டங்களைக் காய் காயாக நகர்த்திப் பார்ப்பவருக்கு வேறொரு காரணம் தெளிவாகத் தென்படும். பதின்மூன்று ஆண்டுகளாக ஸ்டைனிட்ஸ் வளர்த்துவந்த ஒரு கொள்கை அந்தப் போட்டியில் தேர்வுக்கு உட்பட்டது, தேறியும் விட்டது. அக்கொள்கை எவ்வாறு பிறந்தது, அதற்காக அவர் எவற்றை இழந்தார் என்பதே இந்த ஆய்வின் பொருள்.

ப்ராக் நகரிலிருந்து லண்டனுக்கு

ஸ்டைனிட்ஸ் 1836ஆம் ஆண்டு மே மாதம், அன்று ஆஸ்திரியப் பேரரசின் பகுதியாக இருந்த ப்ராக் நகரின் யூதக் குடியிருப்பில் பிறந்தார். தந்தை தையல் தொழிலாளி. குழந்தைகள் நிறைந்த ஏழைக் குடும்பம். இளமையில் யூத மரபின்படி, சமயச் சட்ட விளக்க நூலான தல்மூதைப் பயின்றார். பன்னிரண்டு வயதளவில் செஸ் கற்றார். இருபது வயதைக் கடந்தபின் கணிதம் படிக்க வியன்னாவின் பாலிடெக்னிக்குக்குச் சென்றவர், படிப்பை முடிக்கவில்லை. வியன்னாவின் காபி விடுதிகளில் பந்தயத்துக்குச் செஸ் ஆடிச் சம்பாதிக்கும் வாழ்க்கை அவரை இழுத்துக்கொண்டது. தல்மூதின் வரிக்கு வரி வாதாடும் பழக்கமும், கணிதத்தின் நிரூபணம் கேட்கும் மனமும் பிற்காலத்தில் அவருடைய செஸ் எழுத்தில் தெரிகின்றன என்று நான் கருதுகிறேன். யார் சொன்னார் என்பதற்காக அவர் எந்தக் கருத்தையும் ஏற்றதில்லை. தாம் சொன்னதை எவருக்காகவும் விட்டுக்கொடுத்ததுமில்லை.

1861இல் வியன்னா நகரப் போட்டியில் 31 ஆட்டங்களில் 30ஐ வென்று முதலிடம் பெற்றார். அப்போது அவர் ஆடிய முறை காலத்தின் முறையே. சிப்பாய்களையும் காய்களையும் தாராளமாகப் பலி கொடுத்து, எதிரியின் ராஜாவை நோக்கிப் பாய்ந்து, இருபது முப்பது நகர்த்தல்களில் ஆட்டத்தை முடித்துவிடும் முறை அது. அதனாலேயே அவரை 'ஆஸ்திரிய மார்ஃபி' என்று அழைத்தனர். அமெரிக்கரான பால் மார்ஃபி சில ஆண்டுகளுக்கு முன்தான் ஐரோப்பாவின் பெரிய ஆட்டக்காரர்களை எல்லாம் வென்றுவிட்டு, ஆட்டத்திலிருந்தே ஒதுங்கிக்கொண்டிருந்தார்.

1862இல் லண்டன் சர்வதேசத் தொடரில் ஆஸ்திரியாவின் சார்பில் ஆடிய ஸ்டைனிட்ஸுக்கு ஆறாம் இடமே கிடைத்தது. எனினும் அகஸ்டஸ் மாங்கிரெடியனை வென்ற ஆட்டம் தொடரின் மிக அழகிய ஆட்டத்துக்கான பரிசைப் பெற்றது. அவர் திரும்பிப் போகவில்லை. அடுத்த இருபது ஆண்டுகள் லண்டனே அவருடைய ஊர். தொழில்முறைச் செஸ்காரனுக்கு அங்கே என்ன வருமானம்? கிளப்புகளிலும் விடுதிகளிலும் சில்லறைப் பந்தயம், கண்ணைக் கட்டிக்கொண்டு பலருடன் ஒரே நேரத்தில் ஆடும் காட்சிகள், பத்திரிகைப் பத்திகள், எப்போதாவது வரும் தொடர்ப் பரிசு. உயரம் குறைந்த, காலில் ஊனமுள்ள, ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்ட ஓர் அயல்நாட்டு இளைஞர் இவற்றை நம்பிக் குடும்பம் நடத்தினார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான், அவர் பிற்காலத்தில் பணவிஷயத்தில் காட்டிய கண்டிப்பைப் படிக்க வேண்டும்.

நேருக்குநேர் போட்டிகளில் அவர் தொடர்ந்து வென்றார். 1863இல் ஜோசப் பிளாக்பர்னை எட்டுக்கு இரண்டு என வென்றார். 1866இல் அடால்ஃப் ஆண்டெர்செனுடன் ஆடினார். மார்ஃபி ஒதுங்கிய பிறகு ஆடிக்கொண்டிருந்தவர்களில் மிக வலிமையானவர் ஆண்டெர்சென்தான் என்பதில் ஐரோப்பாவில் கருத்து வேறுபாடு இல்லை. பதினான்கு ஆட்டங்களில் ஒன்றுகூட டிராவாகவில்லை. எட்டுக்கு ஆறு என்று ஸ்டைனிட்ஸ் வென்றார். அப்போட்டி பலிகளும் பாய்ச்சல்களும் நிறைந்தது. ஆண்டெர்செனின் ஆயுதத்தாலேயே ஆண்டெர்செனை வென்றார் என்று சொல்லலாம்.

வியன்னா, 1873

ஆனால் போட்டித் தொடர்களில் ஏதோ ஒன்று தடுத்தது. 1867இல் பாரிஸில் இக்னாஸ் கோலிஷுக்கும் ஷிமோன் வினாவெருக்கும் அடுத்து மூன்றாம் இடம். அதே ஆண்டு டண்டியில் குஸ்டாவ் நோய்மானுக்கு அடுத்து இரண்டாம் இடம். 1870இல் பாடன் பாடனில் ஆண்டெர்செனுக்கு அரைப் புள்ளி பின்னால் இரண்டாம் இடம். நேருக்குநேர் போட்டிகளில் எவராலும் வெல்ல முடியாத ஒருவர் தொடர்களில் முதலிடத்துக்கு அருகே வந்து வந்து நின்றுவிட்டார். அந்த ஆண்டுகளில்தான் தம் ஆட்டத்தையே ஐயத்தோடு பார்க்கத் தொடங்கினார்.

1873இல் வியன்னாவில் நடந்த தொடரில் மாற்றம் வெளிப்பட்டது. ஒவ்வோர் எதிரியுடனும் மூன்று ஆட்டங்கள் வரை ஆடவேண்டிய அத்தொடரின் பிற்பகுதியில் ஸ்டைனிட்ஸ் வரிசையாக வென்றுகொண்டே போனார். முதலிடத்தைப் பகிர்ந்த பிளாக்பர்னுடனான முடிவாட்டங்கள் இரண்டையும் சேர்த்துப் பதினாறு தொடர் வெற்றிகள். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் அவர் எந்தத் தொடரிலும் ஆடவில்லை. இடையில் 1876இல் பிளாக்பர்னுடன் ஒரு போட்டி; ஏழுக்கு ஏழும் வெற்றி. 1882இல் மீண்டும் வியன்னாவில் ஆடியபோது முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றார். ஆக, முதல்தர எதிரிகளுக்கு எதிராக 25 வெற்றிகள், இடையில் ஒரு டிராகூட இல்லாமல். ஒரு கொள்கையின் முதல் விளைச்சல் என்று இதைக் கொள்ளலாம்.

கொள்கை என்ன? அதன் அடிப்படையை இப்படிச் சொல்லலாம். இரு தரப்பும் சமநிலையில் இருக்கும்போது, இருவரும் சரியாக ஆடினால் சமநிலையே நீடிக்கும். ஆகவே சமநிலையில் இருந்துகொண்டு தாக்கத் துணிபவன், எதிரி தவறுவான் என்று எதிர்பார்க்கிறானே தவிர, நிலையின் நியாயத்தின்மேல் நிற்கவில்லை. தாக்கும் உரிமை முதலில் ஈட்டப்பட வேண்டும். அது பெரும்பாலும் மிகச் சிறிய சேமிப்புகளால் ஈட்டப்படுகிறது: எதிரியின் சிப்பாய் ஒன்று துணையற்றுத் தனித்து நிற்பது, எந்தச் சிப்பாயாலும் இனிக் காக்க முடியாத ஒரு கட்டம் அவன் பாளையத்தில் உண்டாவது, சிப்பாய்களே இல்லாத திறந்த நெடுவரிசை ஒன்றில் நம் யானை முதலில் அமர்வது, நம்மிடம் இரண்டு பிஷப்புகளும் எஞ்சியிருக்க அவனிடம் ஒன்றே இருப்பது. இவற்றில் எதுவும் தனியாக ஆட்டத்தை வெல்லாது. சேரும்போது வெல்லும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சாதகம் சேர்த்தவன் தாக்கியே ஆகவேண்டும் என்றார் ஸ்டைனிட்ஸ். இல்லையேல் சேர்த்தது கரைந்துபோகும். அவரைத் தற்காப்பின் ஆசான் என்று மட்டும் சித்திரிப்பது அரைச் சித்திரம். எப்போது தாக்கவேண்டும் என்பதற்கு முதன்முதலாக ஒரு காரணம் கேட்டவர் அவர். அதற்கு முன் தாக்குதலின் வெற்றியைத் தாக்குபவனின் மேதைமையால் விளக்கினார்கள். அவர் அதை நிலையின் இயல்பால் விளக்கினார். தோல்வியையும் அவ்வாறே விளக்கியதால், கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றாகச் செஸ் மாறியது.

தற்காப்பில் அவர் காட்டிய சிக்கனம் அக்காலத்தவரை எரிச்சலூட்டியது. எதிரி ஒரு சிப்பாயைப் பலி கொடுத்தால் அதை வாங்கிக்கொண்டு, காய்களைப் பின்வரிசைகளுக்கு இழுத்து, இடுங்கிய நிலையில் பொறுமையாக உட்கார்ந்திருப்பார். பார்வைக்கு அருவருப்பான நிலைகள் அவை. ராஜாவே வலிமையுள்ள காய்தான், அதைத் தன்னைத்தானே காத்துக்கொள்ள விடலாம் என்பது அவர் கருத்து. அவர் பெயரால் வழங்கும் காம்பிட்டில் (தொடக்கத்திலேயே சிப்பாயைப் பலி கொடுக்கும் முறை), ஐந்தாம் நகர்த்தலிலேயே வெள்ளை ராஜா, எதிரியின் ராணி கொடுத்த செக்குக்குத் தப்பி, தன் படைக்கு நடுவே ஓரடி முன்னேறி நிற்கும். யானையின் துணையோடு ராஜாவை ஓரத்துக்கு ஒதுக்கிக் காக்கும் காஸ்லிங் உரிமையும் போய்விடும். 1867இல் டண்டியிலேயே அவர் அதை ஆடிக்காட்டினார். நடு ஆட்டத்துக்கு முன்பே ராஜாவை வெளியே கொண்டுவருவதைப் பைத்தியக்காரத்தனம் என்றவர்களுக்கு, அந்த ராஜாவை நீங்கள் பிடித்துக் காட்டுங்கள் என்பதே அவருடைய மறுமொழியாக இருந்தது.

எழுதுகோல்

1873 முதல் 1882 வரை லண்டனின் 'த ஃபீல்ட்' இதழில் அவர் செஸ் பத்தி எழுதினார். தொடர்களில் ஆடாத அந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் ஆட்டத்தை விட்டு விலகியிருக்கவில்லை, அதை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறர் ஆட்டங்களுக்கு அவர் எழுதிய விளக்கங்களில், வென்றவர் ஆடியதால் ஒரு நகர்த்தல் சரியாகிவிடாது. இறுதியில் வெற்றி தந்த பலியைக்கூட, சரியான தற்காப்பு இருந்திருந்தால் தோற்றிருக்கும் என்று பக்கம் பக்கமாக நிறுவுவார். இதனால் நண்பர்கள் குறைந்தனர்.

1879இல் லியோபோல்ட் ஹோஃபரும் ஜூகர்டோர்ட்டும் 'செஸ் மன்த்லி' என்ற இதழைத் தொடங்கியதும், இரு இதழ்களுக்கிடையே மூண்ட சண்டை ஆட்ட விளக்கங்களில் தொடங்கித் தனிப்பட்ட வசைகளில் போய் முடிந்தது. 'மைப் போர்' என்றே அதற்குப் பெயர் வந்தது. ஸ்டைனிட்ஸ் இதில் குற்றமற்றவர் அல்லர். அவருடைய கோபம் கடுமையானது. எதிரியின் வாதத்தைச் சிதைத்த பிறகும் நிறுத்தத் தெரியாதவர். 1882இல் 'ஃபீல்ட்' பத்தி கையைவிட்டுப் போனது. 1883 லண்டன் தொடரில் ஜூகர்டோர்ட் முதல் 23 ஆட்டங்களில் 22ஐ வென்று, கடைசி மூன்றையும் தோற்று, 22 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றார். ஸ்டைனிட்ஸுக்கு 19 புள்ளிகள், இரண்டாம் இடம். இங்கிலாந்தில் தமக்கு நியாயம் கிடைக்காது என்று முடிவு செய்த ஸ்டைனிட்ஸ் அந்த ஆண்டே அமெரிக்காவில் குடியேறினார். 1885இல் நியூயார்க்கிலிருந்து 'இன்டர்நேஷனல் செஸ் மேகசின்' என்ற தம் சொந்த இதழைத் தொடங்கி 1891 வரை நடத்தினார். ஜூகர்டோர்ட்டுடனான போட்டியைப் பற்றிய பேச்சு இவ்வளவு பகையோடுதான் முதிர்ந்தது.

ஒன்பதாவது ஆட்டம்

நியூயார்க்கில் ஒன்றுக்கு நான்கு என்று பின்தங்கிய ஸ்டைனிட்ஸ் என்ன மாற்றினார் என்பதே ஆய்வின் மையக் கேள்வி. கறுப்புக் காய்களுடன் ஆடிய 1, 3, 5ஆம் ஆட்டங்களில் ஜூகர்டோர்ட்டின் ராணிப்பக்கத் தொடக்கத்துக்கு அவர் ஸ்லாவ் எனப்படும் தற்காப்புத் தொடக்கத்தை ஆடியிருந்தார். முதலாவது வென்றது, மற்ற இரண்டும் தோற்றன. பிப்ரவரியில் போட்டி செயின்ட் லூயிஸ் நகருக்கு மாறியதும் அவர் ஸ்லாவைக் கைவிட்டார். 7, 9ஆம் ஆட்டங்களில், நடுவில் சிப்பாய்களை மாற்றிக்கொண்டு, வெள்ளையின் ராணிச் சிப்பாய் இருபுறமும் துணையின்றித் தனித்து நிற்கும் நிலையைத் தாமே உண்டாக்கினார். அதாவது முறையை மாற்றாமல், முறைக்கேற்ற களத்தைத் தேர்ந்துகொண்டார்.

தனித்த சிப்பாயுள்ள நிலை ஜூகர்டோர்ட்டுக்கும் பிடித்தமானதே என்பதுதான் இதில் சுவை. ஆண்டெர்செனிடம் பயின்ற அவருக்கு, அந்தச் சிப்பாய் தரும் விசாலமான இடமும், குதிரைக்கு நடுவில் கிடைக்கும் முன்னணிக் கட்டமும், ராஜாவின் பக்கம் தாக்குவதற்கான அழைப்பாகவே தோன்றியிருக்கும். அதே சிப்பாய் ஸ்டைனிட்ஸின் கண்ணில் நெடுநாள் கடன். ஒரே நிலையை இருவரும் இரண்டு விதமாகப் படித்தனர். யார் படித்தது சரி என்று பலகை சொல்லவேண்டியிருந்தது.

ஒன்பதாவது ஆட்டத்தில் ஸ்டைனிட்ஸ் தம் ராணிப்பக்கக் குதிரையை மூன்று தாவல்களில் அந்தச் சிப்பாயின் நேர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். சிப்பாய் இனி நகர முடியாது. ஜூகர்டோர்ட் எதிர்பார்த்தபடியே குதிரையை நடுவுக்கு ஏற்றி, ராணியையும் பிஷப்பையும் ராஜாவின் பக்கம் திருப்பினார். 17ஆம் நகர்த்தலில் ஸ்டைனிட்ஸ் செய்தது முதல் பார்வையில் விளங்காதது: நன்கு அமர்ந்திருந்த தம் குதிரையை எதிரியின் குதிரைக்கு மாற்றிக்கொண்டார். வெள்ளை அதைச் சிப்பாயால் திரும்ப வெட்டியதும் தனித்த சிப்பாய்க்கு ஒரு துணை கிடைத்துவிட்டது. எதிரியின் குறையைத் தாமே நீக்கிவிட்டாரா?

இல்லை. ஒரு குறைக்குப் பதிலாக இரண்டை உண்டாக்கினார். அந்த இரு சிப்பாய்களும், எதிரே கறுப்புச் சிப்பாய் இல்லாத அரைத்திறந்த நெடுவரிசைகளில், இருபுறமும் வேறு சிப்பாய்களின் காவலின்றி நின்றன. அவற்றை எதிர்நோக்கிக் கறுப்பின் இரு யானைகளும் ஏற்கெனவே அமர்ந்திருந்தன. பின்னர் ஒரு ஜோடி பிஷப்புகளும், வெள்ளையின் மற்றொரு பிஷப்புக்குக் கறுப்பின் மற்றொரு குதிரையும் மாற்றப்பட்டன. காய்கள் குறையக் குறைய, வெள்ளையின் தாக்குதலுக்கு ஆள் குறைந்தது. சிப்பாய்களின் காவல் வேலை மட்டும் குறையவில்லை. 22ஆம் நகர்த்தலில் இரண்டும் தோளோடு தோள் நின்றன. பயிற்சியாளர்கள் இன்று 'தொங்கு சிப்பாய்கள்' என்று சொல்லிக்கொடுக்கும் அமைப்பு இதுதான். எதை முன்னேற்றினாலும் மற்றது பலவீனமாகும். இரண்டையும் நிறுத்திவைத்தால் காய்கள் எல்லாம் காவலுக்குக் கட்டுப்பட்டுவிடும்.

ஜூகர்டோர்ட் இதற்கெல்லாம் தாக்குதலையே மறுமொழியாக வைத்திருந்தார். ஒரு யானையை மூன்றாம் வரிசை வழியே ராஜாவின் பக்கம் கொண்டுபோய், 31ஆம் நகர்த்தலில் எதிரிப் பாளையத்துக்குள்ளேயே இறக்கினார். யானை அங்கே தனியாக நின்றது. ஸ்டைனிட்ஸோ பிஷப்பைப் பலகையின் நட்டநடுவில் ஊன்றினார். 33ஆம் நகர்த்தலில், தாங்க முடியாமல் ஒரு சிப்பாய் முன்னேறியது. கறுப்பு யானை உடனே அதை வெட்டியது. அந்த யானையை வெட்ட வெள்ளைக்கு ஒரு சிப்பாய் இருந்தது. ஆனால் அது விலகினால் பின்னால் இருந்த வெள்ளை யானையைக் கறுப்பு ராணி எடுத்துவிடும். 38ஆம் நகர்த்தலில் ஜூகர்டோர்ட் தோல்வியை ஒப்புக்கொண்டார். கணக்கு நாலுக்கு நாலு ஆனது.

இந்த ஆட்டத்தில் ஜூகர்டோர்ட் எந்த நகர்த்தலிலும் கண்மூடித்தனமாகப் பிழை செய்துவிடவில்லை என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். உடல்நலம் மட்டுமே காரணம் என்றால் பிழைகளைக் காணவேண்டும். இங்கே காண்பது, தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டே போன ஒரு பெரிய ஆட்டக்காரர், மெல்ல மெல்ல விடையின்றிப் போவதை.

நியூ ஆர்லியன்ஸில் நடந்த கடைசிப் பகுதியைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது. அங்கே ஜூகர்டோர்ட்டின் நரம்புகள் உண்மையிலேயே தளர்ந்துவிட்டன. இருபதாவது ஆட்டம் வெறும் 19 நகர்த்தல்களில் முடிந்தது. அந்தக் கடைசி ஆட்டத்தில் ஸ்டைனிட்ஸ் தேர்ந்தெடுத்தது தம் காம்பிட்டையே. பட்டத்துக்கு ஒரே ஒரு வெற்றி பாக்கியிருந்த நிலையில், ராஜாவை முதலில் ஓரடி முன்னே, பின் பக்கவாட்டில், பின் மூலையை நோக்கி நடக்கவிட்டு, எதிரியின் ராணியை வேட்டையாடி வென்றார். ஆனந்தை 15வது, குகேஷை 18வது உலக சாம்பியன் என்று நாம் எண்ணுகிறோமே, அந்த எண்ணிக்கையின் ஒன்று அன்றுதான் விழுந்தது. ஜூகர்டோர்ட் மீளவேயில்லை, இரண்டே ஆண்டுகளில், 45 வயதில், லண்டனில் காலமானார்.

பிடிவாதத்தின் விலை

பட்டம் பெற்றபின் எளிய எதிரிகளைத் தேடி அதைக் காத்துக்கொள்வது ஸ்டைனிட்ஸுக்கு இயன்றிருக்கும். 1889இல் ஹவானா செஸ் கிளப் ஒரு போட்டிக்கு அழைத்தபோது அவர் மிகயில் சிகோரினைத் தேர்ந்தெடுத்தார். 1883 லண்டன் தொடரில் இரண்டு முறையும் தம்மைத் தோற்கடித்தவர் அவர். பழைய தாக்குதல் மரபின் மிகத் திறமையான வாரிசு. எவன்ஸ் காம்பிட்டைச் சிகோரின் திரும்பத் திரும்ப ஆடினார். சிப்பாயை வாங்கிக்கொண்டு, ராணியை முன்கூட்டியே வெளியே கொண்டுவரும் தம் விநோதமான தற்காப்பை ஸ்டைனிட்ஸும் திரும்பத் திரும்ப ஆடினார். அந்தத் தற்காப்பு அவருக்குப் பல தோல்விகளைத் தந்தது. இருந்தும் போட்டியைப் பத்து வெற்றி, ஆறு தோல்வி, ஒரு டிரா என்று வென்றார். 1890-91இல் இஸிடோர் குன்ஸ்பெர்கை நியூயார்க்கில் வென்றார்.

அதே காலத்தில் சிகோரினுடன் தந்தி வழியாக இரண்டு ஆட்டங்கள் நடந்தன. தம் செஸ் கையேட்டில் சரி என்று தாம் எழுதியிருந்த இரண்டு நகர்த்தல்களைக் காக்கவே ஸ்டைனிட்ஸ் அவற்றை ஆடினார். இரண்டிலும் தோற்றார். எழுதியதைப் பொதுவில் நிரூபிக்க வேண்டும், பொய்த்தால் பொதுவிலேயே பொய்க்கட்டும் என்ற இந்த மனநிலையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அந்த இரு நகர்த்தல்களும் அவருடைய பொதுக் கொள்கையிலிருந்து கட்டாயமாகப் பிறந்தவை அல்ல. கொள்கை சரியாக இருக்கும்போதே, அதன் பெயரால் குறிப்பிட்ட ஒரு நகர்த்தலைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். தாம் கற்பித்த நிதானத்தை அவரே கடைப்பிடிக்காத இடம் இது.

1892இல் ஹவானாவில் சிகோரினுடன் மீண்டும் மோதினார். 22 ஆட்டங்களுக்குப் பின் ஸ்டைனிட்ஸுக்கு ஒன்பது வெற்றி, சிகோரினுக்கு எட்டு. இருபத்து மூன்றாவது ஆட்டத்தில் சிகோரின் ஒரு காய் கூடுதலாகப் பெற்று வெற்றியின் விளிம்பில் இருந்தார். 32ஆம் நகர்த்தலில், தம் ராஜாவின் முன்னிருந்த சிப்பாயைக் காத்துநின்ற பிஷப்பை அவர் விலக்கினார். இரண்டே நகர்த்தல்களில் செக்மேட். சமன் ஆகவேண்டிய போட்டி பத்துக்கு எட்டு என்று முடிந்தது. இவ்வெற்றியில் ஸ்டைனிட்ஸின் கொள்கைக்குப் பங்கில்லை என்பதை ஆய்வாளர் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்.

வீட்டில் நிகழ்ந்தவை கொடியவை. ஒரே மகள் ஃப்ளோரா 1888இல், இருபத்தோரு வயதில் இறந்தாள். 1892இல் மனைவி கரோலினும் இறந்தார். பின்னர் எலிசபெத்தை மணந்தார். இரு குழந்தைகள் பிறந்தன. இதழ் நின்றுபோயிருந்தது, வருமானத்துக்கு ஆட்டத்தைத் தவிர வழியில்லை.

லாஸ்கர்

1894இல் 25 வயது எமானுவேல் லாஸ்கர் சவால் விட்டார். நியூயார்க், பிலடெல்பியா, மான்ட்ரியல் ஆகிய மூன்று நகரங்களில் போட்டி நடந்தது. ஆறு ஆட்டங்கள் முடிந்தபோது இருவருக்கும் தலா இரண்டு வெற்றிகள். ஏழாவது ஆட்டம் தொடங்கி வரிசையாக ஐந்தை ஸ்டைனிட்ஸ் இழந்தார். 1886இல் மீண்டதுபோல் மீள முயன்று 13, 14ஆம் ஆட்டங்களை வென்றார். ஆனால் அப்போது 49ஆக இருந்த வயது இப்போது 58. லாஸ்கர் பத்து, ஸ்டைனிட்ஸ் ஐந்து, டிரா நான்கு. 1862 முதல் முக்கியமான எந்தப் போட்டியையும் தோற்காதிருந்தவரின் முதல் தோல்வி அது. தம்மை வென்றவர் தம் கொள்கையைக் கற்று வந்தவர் என்பதை அவர் அன்று எவ்வளவு உணர்ந்தாரோ, லாஸ்கர் நன்கு உணர்ந்திருந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் தாம் எழுதிய செஸ் கையேட்டில், ஸ்டைனிட்ஸின் சிந்தனையை விளக்குவதற்கென்றே அவர் ஒரு பெரும் பகுதியை ஒதுக்கினார்.

1895 ஆகஸ்டில் ஹேஸ்டிங்ஸ் தொடரில் ஸ்டைனிட்ஸுக்கு ஐந்தாம் இடம்தான். ஆனால் அங்கே குர்ட் ஃபான் பார்டலெபனுக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டம் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. எதிரியின் ராஜா காஸ்லிங் செய்ய முடியாமல் நடுவில் சிக்கியதே அவர் சேர்த்த சாதகம். 22ஆம் நகர்த்தலில் அவருடைய யானை, ராஜாவுக்கும் ராணிக்கும் முன்னால் போய் நின்று செக் கொடுத்தது. ராஜா வெட்டினாலும் தோல்வி, ராணி வெட்டினாலும் தோல்வி. ராஜா ஒதுங்கியபோதும் யானை விடாமல் துரத்தியது. பார்டலெபன் தோல்வியை வாயால் ஒப்புக்கொள்ளாமலே அரங்கைவிட்டு வெளியேறினார். எஞ்சிய செக்மேட்டை ஸ்டைனிட்ஸ் சூழநின்றவர்களுக்கு ஆடிக்காட்டினார். ஈட்டப்பட்ட தாக்குதல் என்று அவர் எழுதியதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் அவர் ஆட்டங்களிலேயே இல்லை என்பேன். அதே குளிர்காலத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நால்வர் ஆடிய தொடரில் லாஸ்கருக்கு அடுத்த இடம் அவருக்கே. பில்ஸ்பரியும் சிகோரினும் அவருக்குப் பின்னால்.

1896 இறுதியில் மாஸ்கோவில் லாஸ்கருடன் மறுபோட்டி. பத்துத் தோல்வி, இரண்டே வெற்றி, ஐந்து டிரா. போட்டி முடிந்ததும் மனம் கலங்கி, சில வாரங்கள் மாஸ்கோவின் மனநோய் மருத்துவமனையில் வைக்கப்பட்டார். அவருடைய மனநிலையைப் பற்றிப் பின்னர் பரவிய வேடிக்கைக் கதைகள் பல உண்டு. நோயுற்ற ஒரு முதியவரை வைத்துச் சிரிப்பதற்காகச் சொல்லப்பட்டவற்றை நான் இங்கே எடுத்தெழுத விரும்பவில்லை. வெளியே வந்ததும் அவர் மீண்டும் ஆடத்தான் போனார். 1898இல் வியன்னாவில் நான்காம் இடமும் கொலோனில் ஐந்தாம் இடமும் பெற்றார். 62 வயதில், நோயிலிருந்து எழுந்தவர் பெற்ற இடங்கள் இவை. 1899இல் லண்டனில்தான் பரிசு எதுவும் கிடைக்கவில்லை; நாற்பதாண்டு ஆட்ட வாழ்க்கையில் பரிசில்லாமல் திரும்பிய தொடர் அது ஒன்றே.

1900 ஆகஸ்ட் 12ஆம் தேதி, நியூயார்க்கின் வார்ட்ஸ் தீவிலிருந்த அரசு மனநோய் மருத்துவமனையில் இதயம் நின்று காலமானார். மனைவிக்கும் இரு சிறு குழந்தைகளுக்கும் அவர் விட்டுச்செல்ல எதுவும் இருக்கவில்லை. புரூக்ளினின் எவர்கிரீன்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1889இல் முதல் பாகம் வெளிவந்த அவருடைய செஸ் கையேட்டின் இரண்டாம் பாகத்தில் முதல் பகுதி மட்டும் 1895இல் அச்சானது. மீதியை அவர் எழுதி முடிக்கவில்லை.